மலாக்காவில் ஒரு பகல்

(சான்பாடாவில் நடைபெற்ற நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



"வெளிநாடு போய் வந்தீர்களே, அதைப் பற்றி அரைமணி நேரம் பேசுங்கள்" என்று செயலாளர் கேட்டபோது நான் தயங்கினேன். நான் ஊர் சுற்றிப் பழகியவன் அல்லன். துறைமுகத்திலே முப்பத்திரண்டு ஆண்டுக்காலம் டாலி கிளார்க்காக இருந்து மற்றவர்களுடைய பெட்டிகளை எண்ணிக் கணக்கெழுதியவன். எத்தனையோ நாட்டுக் கப்பல்கள் வந்தன, போயின. பெட்டிகளின் மேல் எழுதியிருந்த ஊர்ப் பெயர்களைப் படித்ததோடு சரி. ஓய்வு பெற்று இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு, மருமகனுக்குக் கோலாலம்பூரில் வேலை கிடைத்து, மகளுக்குப் பிரசவம் பார்க்க என் துணைவியார் போக வேண்டியிருந்து, அவருக்குப் பெட்டி தூக்குகிற ஆளாக நானும் போனேன். இதுதான் என்னுடைய வெளிநாட்டுப் பயணம். அங்கே தங்கம் என்ன விலை, வாசனைத் தைலம் என்ன விலை என்று தாய்மார்கள் என்னைக் கேட்காதீர்கள். பின் வரிசையில் அமர்ந்திருக்கிறார், அவரைக் கேளுங்கள்.

ஒரு மாதம் இருந்தேன். அதில் ஒரே ஒரு நாள் எனக்கென்று வெளியே போனேன். அந்த ஒரு நாளைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

கோலாலம்பூருக்குத் தெற்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டர் தொலைவில் மலாக்கா இருக்கிறது. பேருந்தில் இரண்டு மணி நேரம். வழியெல்லாம் இரு மருங்கிலும் எண்ணெய்ப்பனை. ஒரு காலத்தில் இதெல்லாம் ரப்பராக இருந்தது. அந்த நாட்டிலே ரப்பரை முதன்முதலில் வணிகப் பயிராக 1890களில் நட்டவர், மலாக்காவைச் சேர்ந்த டான் சே யான் என்ற சீனர். நட்டவர் யாராயினும், பால் வெட்டியவர்கள் பெரும்பாலும் நம்மவர்கள். இதற்குப் பிறகு வருகிறேன்.

இறங்கிய இடத்திலே ஒரு சதுக்கம். சுற்றிலும் செக்கச்செவேலென்று டச்சுக்காரர்கள் கட்டிய கட்டடங்கள். 1650இல் கட்டிய ஆளுநர் மாளிகை ஒரு பக்கம், 1753இல் கட்டி முடித்த தேவாலயம் ஒரு பக்கம். நடுவிலே மூன்று சக்கர சைக்கிள் ரிக்‌ஷாக்கள், உடம்பெல்லாம் பொம்மையும் காகிதப் பூவும் சுற்றிக்கொண்டு, ஒலிபெருக்கியில் காது கிழியப் பாட்டு வைத்துக்கொண்டு நிற்கின்றன. வெயிலில் வியர்க்க மிதிக்கிறவர் ஒரு முதியவர். மேலே உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்கிறவர் ஓர் இளைஞர். எனக்கு ஏற மனம் வரவில்லை. நடந்தே போனேன்.

இந்த ஊர் எதனால் ஊராயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தோழர்களே, மலாக்காவை வளர்த்தது காற்று. தென்மேற்குப் பருவக்காற்றைப் பிடித்துக்கொண்டு நம் சோழமண்டலக் கரையிலிருந்தும் குஜராத்திலிருந்தும் கப்பல்கள் கிழக்கே போகும். வடகிழக்குக் காற்றைப் பிடித்துக்கொண்டு சீனக் கப்பல்கள் தெற்கே இறங்கும். இரண்டும் சந்திக்கும் குறுகிய நீரிணையில் காற்று மாறும்வரை காத்திருந்தாக வேண்டும். காத்திருக்கிறவனுக்குக் கிடங்கு வேண்டும், சோறு வேண்டும், கும்பிட ஒரு கோயில் வேண்டும். 1400ஐ ஒட்டிய ஆண்டுகளில் பரமேசுவரன் என்ற இளவரசன் அங்கே ஓர் ஆட்சியை நிறுவினான். நூறாண்டுக்குள் உலகத்தின் பெருந்துறைமுகங்களில் ஒன்றாகிவிட்டது. 1512 முதல் 1515 வரை அங்கே இருந்த தோமே பிரேசு என்ற போர்த்துக்கீசியர், அந்தத் துறைமுகத்தில் 84 மொழிகள் பேசப்பட்டதாக எழுதி வைத்திருக்கிறார். வந்து சேரும் வணிகர்களைக் கவனிக்க நான்கு துறைமுக அதிகாரிகள் இருந்தார்கள். அவர்களிலே ஒருவர் குஜராத்திகளுக்கு மட்டும். அதற்கு அடுத்தவர் நம் தமிழ் வணிகர்களுக்கும் வங்காளிகளுக்கும் பெகுக்காரர்களுக்கும் சுமத்ராவின் பாசைக்காரர்களுக்கும் சேர்த்து. குஜராத்தியும் தமிழனும் ஒரே துறைமுகத்தில் தோளோடு தோள் உரசி வாழ்ந்த கதை நம் மசூதி பந்தரில் தொடங்கியது என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே அங்கே நடந்திருக்கிறது!

கடைத்தெருவில் நடந்தால் ஒவ்வொரு பலகையிலும் ஒரு சொல். 'கெடாய்', 'கெடாய்' என்று. என்ன என்று விசாரித்தால், கடை! நம் கடைதான் மலாய் மொழியில் கெடாய். கப்பல் அங்கே காப்பால். கட்டில் அங்கேயும் காட்டில். சுருட்டு செருத்து. மாம்பழம் மெம்பெலாம். பொருளோடு சொல்லும் இறங்கி, அவர்கள் வீட்டுக்குள் போய்விட்டது. சொல்லைக் கொண்டு போனவர்கள் என்ன ஆனார்கள் என்பதுதான் அன்றைக்கு என் கேள்வியாக இருந்தது.

வசாய்க் கோட்டையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அதே கைகள் கட்டிய கோட்டை ஒன்று மலாக்காவில் இருந்தது. 1510இல் கோவாவைப் பிடித்த அல்புகர்க்கு, அடுத்த ஆண்டே, 1511 ஆகஸ்டில், மலாக்காவைப் பிடித்தான். 1641இல் டச்சுக்காரர்கள் பறித்தார்கள். பிறகு ஆங்கிலேயர்கள் வந்தார்கள். 1807இல் ஆங்கிலேயர்களே அந்தக் கோட்டையை வெடி வைத்துத் தகர்த்தார்கள். பிற்காலத்தில் வேறு யாராவது பிடித்துக்கொண்டால் தமக்கெதிராகப் பயன்படுமே என்ற அச்சம். இன்று மிஞ்சியிருப்பது ஒரு வாயில் மட்டும். அதன் மேல் 1670 என்று டச்சுக் கம்பெனியின் முத்திரையோடு பொறித்திருக்கிறார்கள். கட்டியவன் ஒருவன், பெயர் பொறித்தவன் இன்னொருவன், இடித்தவன் மூன்றாமவன்! கோட்டையின் காலடி வரை வந்துகொண்டிருந்த கடலைத் தூர்த்துக் கட்டடம் எழுப்பியிருக்கிறார்கள். இப்போது அலை எங்கேயோ இருக்கிறது. கழிமுகத்தைத் தூர்த்து எழுப்பிய ஊரில் குடியிருக்கிற நமக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வாயிலுக்குப் பின்னால் ஒரு குன்று. மேலே கூரை இல்லாத ஒரு பழைய தேவாலயம். 1521இல் சிற்றாலயமாகத் தொடங்கியது. அதன் தரையிலே ஒரு குழி, மேலே கம்பி வலை. புனித சவேரியாரின் உடலை 1553இல் சில மாதங்கள் இங்கேதான் வைத்திருந்தார்கள். பிறகுதான் கோவாவுக்குக் கொண்டு போனார்கள். நம்மிலே தூத்துக்குடி, மணப்பாடு, வீரபாண்டியன்பட்டணத்துத் தோழர்கள் இருக்கிறீர்கள். 1542இலே உங்கள் கடற்கரைக்கு வந்து முத்துக்குளிக்கிற மக்களிடையே திரிந்த அதே சவேரியார்தான். வெளியே அவருக்கு ஒரு சிலை. 1952இல் நிறுவிய மறுநாளே மரம் விழுந்து வலக்கை முறிந்து போனதாம். முறிந்தது முறிந்தபடியே நிற்கிறது. நான் கடவுள் நம்பிக்கை இல்லாதவன் என்பது உங்களுக்குத் தெரியும். ஆயினும், என் தாயார் பிறந்த கரையை அறிந்த ஒரு மனிதரை ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால் சந்தித்தது போல ஓர் உணர்ச்சி ஏற்பட்டது. அதை மறைக்க விரும்பவில்லை.

அந்தக் குன்றின் மேல் உட்கார்ந்துதான் ஒரு மனிதனின் கதையை நினைத்துக்கொண்டேன். போர்த்துக்கீசியர்கள் தம் ஏடுகளில் 'நினா சட்டு' என்று எழுதிய தமிழ் வணிகன். நைனா என்பதும் செட்டி என்பதும் அவர்கள் வாயில் அப்படி உருண்டிருக்க வேண்டும் என்று என் காதுக்குப் படுகிறது. 1509இல் முதலில் வந்த போர்த்துக்கீசியர்களில் சிலர் மலாக்கா சுல்தானிடம் சிறைப்பட்டபோது, அவர்களுக்கு மறைவாக உதவியவன் இவன். 1511இல் ஊர் கைமாறியதும் அல்புகர்க்கு இவனுக்கு 'பெண்டகாரா' என்ற பெரும் பதவியைக் கொடுத்தான். மூன்றே ஆண்டு. 1514இல் கம்பார் நாட்டு அரசனோடு உறவு வேண்டியிருந்தது. பதவியைப் பிடுங்கி அவனுக்குக் கொடுத்துவிட்டார்கள். அவமானம் தாளாத நினா சட்டு, சந்தனமும் அகிலும் அடுக்கிச் சிதை மூட்டி, தான் செய்த உதவிகளை எல்லாம் ஊரறிய எடுத்துச் சொல்லிவிட்டு அதிலே பாய்ந்து மாண்டான் என்று போர்த்துக்கீசிய வரலாற்றாசிரியர்களே எழுதி வைத்திருக்கிறார்கள்.

நான் அவனைப் புகழவில்லை. வாணிபத்துக்காக வந்தேறிக் கொள்ளையனுக்குக் கதவு திறந்தவன் அவன். ஆனால், தேர்தலுக்குத் தேர்தல் எந்தக் கட்சிக்காரர் வந்தாலும் மாலையோடு ஓடுகிற சில 'தமிழர் தலைவர்களை' நாம் இந்த மும்பையிலே பார்த்திருக்கிறோம் அல்லவா? அவர்கள் ஒருமுறை இந்தக் கதையைப் படிக்க வேண்டும் என்று விரும்புகிறேன். (கைத்தட்டல்)

குன்றிலிருந்து இறங்கி ஆற்றைக் கடந்தால் பழைய குடியிருப்புத் தெருக்கள். தட்டார் தெரு என்று பொருள்படும் தெருவிலே ஒரு பிள்ளையார் கோயில். 1781இல் டச்சுக்காரர்கள் கொடுத்த நிலத்தில் கட்டியது. பெயர் பொய்யாத விநாயகர். அங்கிருந்து சில அடி நடந்தால் ஒரு பள்ளிவாசல். 1748இல் மரத்தால் கட்டி, 1872இல் செங்கல்லாக மாற்றியது. அடுக்கடுக்கான கூரை, சீனக் கோபுரம் போன்ற மினார். கட்டியவர்கள் நம் கரையிலிருந்து போன முஸ்லிம் வணிகர்கள். இன்னும் சில அடி நடந்தால் சீனர் கோயில். ஊதுவத்திப் புகையும் தொழுகை அழைப்பும் மணியோசையும் ஒரே தெருவில். தாராவியிலே 1887ஐச் சேர்ந்த பள்ளிவாசலும் 1913ஐச் சேர்ந்த பிள்ளையார் கோயிலும் இருப்பதை நினைத்துக்கொண்டேன். 1992, 1993இல் நாம் பட்டதையும் நினைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளிவாசலின் பெயரைச் சொல்ல வேண்டும். கம்போங் கிளிங் பள்ளிவாசல். 'கிளிங்' என்றால் யார்? நாம்தான். கலிங்கம் என்ற சொல்லிலிருந்து வந்தது என்பார்கள். பழைய நாளில் நம் கரையிலிருந்து வந்த வணிகருக்குக் கௌரவமாக வழங்கிய பெயர். தோட்டக் கூலிகள் வந்த காலத்துக்குப் பிறகு அதே சொல் வசைச் சொல்லாக மாறிவிட்டது. இன்று அந்த நாட்டுத் தமிழனைப் பார்த்து அப்படிச் சொன்னால் சண்டை வரும். 1966க்குப் பிறகு இந்த நகரத்தின் சுவர்களிலே நம்மைப் பற்றி என்னென்ன எழுதினார்கள், நம் ஓட்டல்களின் கண்ணாடிகள் எப்படி நொறுங்கின என்பதை இங்கே உள்ள மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 'மதராசி' என்ற சொல் எந்தத் தொனியிலே வரும் என்பதும் தெரியும். சொல்லில் குற்றமில்லை, தோழர்களே. சொல்லப்படுகிறவன் கப்பலோடு வந்தால் அது பட்டம். மூட்டையோடு வந்தால் வசை.

பகல் உணவை ஒரு வாழையிலைக் கடையில் முடித்துக்கொண்டு, வாடகைக் கார் ஒன்றைப் பிடித்தேன். ஓட்டுநர் தமிழர். "ஐயா எங்கிருந்து?" என்றார். "மும்பை" என்றேன். "மும்பையில் தமிழர்களா?" என்று அவர் வியந்தார். அவருடைய தாத்தா பக்கத்து மாநிலமாகிய நெகிரி செம்பிலானில் பால் வெட்டியவர். இவர் தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தவர். அவர் பேசிய தமிழ் தெளிவான தமிழ். நான் போகச் சொன்ன இடம், காஜா பேராங் என்ற பகுதியிலுள்ள செட்டி கிராமம்.

இந்தச் செட்டிகளை நாட்டுக்கோட்டைச் செட்டியார்களோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அவர்கள் பிற்காலத்தில் போனவர்கள். இவர்கள் சுல்தான் காலத்திலேயே போன தமிழ் வணிகர்களின் வழிவந்தவர்கள். அந்தக் காலத்தில் ஆண்கள் மட்டுமே கப்பலேறினார்கள். காற்று மாறக் காத்திருந்தவர்கள் அங்குள்ள பெண்களை மணந்து குடும்பமானார்கள். டச்சுக்காரர்கள் வாணிபத்தைத் தம் கைக்குள் இறுக்கியதும், இவர்களின் கப்பல் போக்குவரத்து நலிந்தது. தாய்நாட்டோடு இருந்த கயிறு அறுந்தது. கடைத்தெருவை விட்டு ஊருக்குப் புறத்தே பயிரிடப் போனார்கள்.

போய்ப் பார்த்தேன். தாழ்வான வீடுகள், நிறைய மரங்கள், அடிக்கொரு சின்னக் கோயில். ஒரு வீட்டுத் திண்ணையில் எண்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு மூதாட்டி. கைலியும் கெபாயாச் சட்டையும் அணிந்து, கொண்டையில் ஊசி குத்தியிருந்தார். நெற்றியிலே திருநீறு. நான் கைகூப்பி, "வணக்கம் அம்மா" என்றேன். அவரும் கைகூப்பினார். பிறகு பேசியதெல்லாம் மலாய். ஒரு சொல் எனக்குப் புரியவில்லை. என் சொல் ஒன்று அவருக்குப் புரியவில்லை. ஓட்டுநர் தம்பிதான் நடுவில் நின்று மொழிபெயர்த்தார்.

அவருடைய குடும்பப் பெயர் பிள்ளை. பொங்கல் உண்டா என்றேன். உண்டு. போகி உண்டா? "போகி பரச்சு" என்று முகம் மலர்ந்தார். அன்றைக்கு வாழையிலை விரித்து, முன்னோர்களுக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்து வைப்பார்களாம். 'பரச்சு' என்பது என் காதில் 'படைச்சு' என்றே விழுந்தது. மாரியம்மன் கோயிலைக் காட்டினார். 1822இல் எழுந்த கோயில். திருவிழாவின் பெயரை மட்டும் மலாயில் சொன்னார், 'டத்தோ சச்சார்' என்று. சச்சார் என்றால் அம்மை. அம்மைக்கு உரிய அம்மன். தெய்வத்தையும் மறக்கவில்லை, நோயையும் மறக்கவில்லை. இரண்டுக்கும் நடுவே இருந்த மொழி மட்டும் போய்விட்டது.

சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நான் அங்கே போனது இரக்கப்படுவதற்காக. 'ஐயோ, மொழியை இழந்தவர்கள்' என்று இங்கே வந்து மேடையில் அடுக்கடுக்காகப் பேசலாம் என்று ஒரு நினைப்பு. அந்த அம்மையார் ஓட்டுநரிடம் ஏதோ கேட்டார். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் திருப்பினார்: "ஐயாவுக்குப் பேரப்பிள்ளைகள் உண்டா, அவர்கள் தமிழ் படிப்பார்களா என்று கேட்கிறார்." உண்டு என்று தலையாட்டினேன். இரண்டாவது கேள்விக்கு நான் விடை சொல்லவில்லை. இங்கே சான்பாடாவில் இருக்கிற என் மகன்வழிப் பேரனுக்கு வயது ஒன்பது. ஆங்கிலப் பள்ளி. இந்தி பேசுவான், மராத்தி பேசுவான், நாங்கள் பேசும் தமிழுக்கு ஆங்கிலத்தில் பதில் சொல்வான். சங்கத்தின் துண்டறிக்கையைக் கையில் கொடுத்தால் தலைகீழாகப் பிடிப்பான். இத்தனை ஆண்டு சங்க மேடையில் பேசிய என் வீட்டு நிலை இது.

நான் பேச்சை மாற்றினேன். "இவ்வளவு காலம் இந்த மண்ணில் இருக்கிறீர்களே, மலாயே தாய்மொழியாகிவிட்டதே, அரசாங்கம் உங்களை மண்ணின் மைந்தர்களாக ஏற்றுக்கொண்டதா?" என்று கேட்கச் சொன்னேன். அந்த நாட்டிலே அதற்குப் 'பூமிபுத்ரா' என்று பெயர். படிப்பிலும் வேலையிலும் வீடு வாங்குவதிலும் சலுகை உண்டு. அந்த நாட்டு அரசமைப்புச் சட்டத்தின் 160ஆம் பிரிவு, மலாய்க்காரர் என்பவர் யார் என்று வரையறுக்கிறது. இஸ்லாத்தைத் தழுவியவர், மலாய் மொழியை வழக்கமாகப் பேசுகிறவர், மலாய்ப் பழக்கவழக்கத்தைப் பின்பற்றுகிறவர். செட்டிகள் மலாய் பேசுகிறார்கள். உடை, உணவு, பழக்கம் பெரும்பாலும் அப்படியே. கும்பிடுவது பிள்ளையாரை. ஆகவே மலாய்க்காரர் ஆகார். பூமிபுத்ராத் தகுதி கேட்டு இந்தச் சமூகத்தார் பல காலமாக முறையிட்டு வருகிறார்கள். அந்தத் தகுதி இன்னும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அந்த அம்மையார் இதற்கு ஒன்றும் சொல்லவில்லை. கையை விரித்தார். பிறகு உள்ளே போய்க் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறேன், தோழர்களே. நமக்குச் சில நண்பர்கள் அறிவுரை சொல்வார்கள்: "வந்த இடத்தில் கரைந்துவிடு. பெயரை மாற்று, பலகையை மாற்று, வீட்டில் அவர்கள் மொழியைப் பேசு. உன்னை யாரும் தொட மாட்டார்கள்." மராத்தி கற்பதற்கு நான் எதிரி அல்லன். சோறு போடுகிற மண்ணின் மொழி அது. கற்காதவன் சோம்பேறி. துக்காராமும் புலேயும் அம்பேத்கரும் வாழ்ந்த மண்ணின் மொழி நமக்கும் உடைமைதான். ஆனால், சொந்த மொழியைக் கொடுத்தால் 'மண்ணின் மைந்தன்' என்ற பத்திரம் கிடைக்கும் என்று சொல்கிறார்களே, அந்தக் கொடுக்கல் வாங்கலைத்தான் மலாக்காவிலே பார்த்தேன். கொடுத்து ஐந்நூறு ஆண்டாகிறது. பத்திரம் இன்னும் வரவில்லை!

காரில் திரும்பும்போது ஓட்டுநரிடம் கேட்டேன்: "தம்பி, உன் தாத்தா கூலியாக வந்தார். இவர்களுடைய பாட்டன் கப்பல் வைத்து வந்தான். உன்னிடம் தமிழ் இருக்கிறது, இவர்களிடம் இல்லையே, ஏன்?" அவர் சற்று யோசித்துவிட்டு, "எங்களுக்குப் பள்ளிக்கூடம் இருந்தது ஐயா" என்றார்.

இது பெரிய உண்மை. கங்காணி முறையிலே போனவர்கள் பெண்டு பிள்ளைகளோடும் போனார்கள். கூட்டு மலாய் நாடுகளில் 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேருக்கு மேல் இருந்தால் தோட்ட முதலாளி பள்ளி வைத்தாக வேண்டும் என்றது. வெள்ளைக்காரனின் கருணை என்று நினைத்துவிடாதீர்கள். பள்ளி இருந்தால் குடும்பம் தோட்டத்தை விட்டு ஓடாது, பிள்ளையும் நாளைக்கு அங்கேயே பால் வெட்டும் என்ற கணக்கு. மாட்டுக் கொட்டகை போன்ற இடங்களில் அந்தப் பள்ளிகள் நடந்தன. ஆனால் அந்தக் கொட்டகையைத் தொழிலாளிகள் பிடித்துக்கொண்டார்கள். காசு சேர்த்தார்கள், கூரை மாற்றினார்கள், மூட வந்தபோது போராடினார்கள். இன்று மலேசியாவில் 500க்கும் மேற்பட்ட தமிழ்த் தொடக்கப் பள்ளிகள் அரசுப் பாடத்திட்டத்தில் நடக்கின்றன. இங்கே நம் மாநகராட்சியும் தமிழ்ப் பள்ளிகளை நடத்தி வருகிறது. கட்டடம் இருக்கிறது, ஆசிரியர் இருக்கிறார், பிள்ளைகளை நாம் அனுப்புவதில்லை. வகுப்பு வகுப்பாக மூடியபோது நாம் பேருந்து நிறுத்தத்தில் ஆங்கிலப் பள்ளி வண்டிக்குக் காத்துக்கொண்டிருந்தோம். நானும் அந்த வரிசையில் நின்றவன்தான்.

பேருந்து நிலையத்துக்குப் போகும் வழியில் ஒரு குன்றைத் தம்பி காட்டினார். சீனர் குன்று. பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கல்லறைகள். மிங் காலத்துக் கல்லறைகளும் உண்டு. 1984இல் அந்தக் குன்றைச் சமன்செய்து வணிகக் கட்டடங்கள் எழுப்ப மாநில அரசு திட்டம் போட்டது. நகரின் நடுவில் நல்ல விலை போகும் நிலம் அல்லவா? சீனச் சமூகம் நாடு முழுவதும் எழுந்தது. கையெழுத்து வாங்கினார்கள். கட்சி வேறுபாட்டை ஒதுக்கி வைத்தார்கள். திட்டம் கைவிடப்பட்டது. நான் போன அன்று மாலை, அந்தக் கல்லறைகளுக்கு நடுவே மக்கள் ஓட்டப் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். 2008இல் யுனெசுகோ மலாக்காவை உலகப் பாரம்பரிய நகரமாக அறிவித்தது.

நகரின் நடுவில் நல்ல விலை போகும் நிலம் என்றதும் உங்கள் மனம் எங்கே போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். சதுப்பு நிலத்திலே தோல் பதனிட்டு, அந்த நாற்றத்தில் பிள்ளை பெற்று, தாராவியை உண்டாக்கியவர்களில் நம் திருநெல்வேலிச் சீமையினர் முன் வரிசையில் இருக்கிறார்கள். மறுசீரமைப்பு என்று வீடு வீடாகக் கணக்கெடுத்தார்கள். 2000 ஜனவரி 1க்கு முன்னால் குடியிருந்ததற்குத் தாள் இருந்தால் தாராவிக்குள் வீடு. அதற்குப் பின்னால் வந்தவருக்கும் மாடியில் குடியிருப்பவருக்கும் தாராவிக்கு வெளியே. தாளே இல்லாதவன் நான்கு தலைமுறை இருந்தாலும் நேற்று வந்தவன். மலாக்காவில் கல் சாட்சி சொல்கிறது. நமக்குச் சாட்சி ஒரு மின் கட்டண ரசீது. அதையும் கரையான் தின்ன விட்டுவிட்டு, அலுவலகத்துக்கு அலுவலகம் அலைகிற தோழர்களை நான் அறிவேன். இருபது ஆண்டுக்கு முன்னால் தாராவியை விட்டு இந்தச் சான்பாடாவுக்கு வந்தபோது, "இனி எதற்கு" என்று என் தந்தையாரின் பழைய ரேஷன் அட்டையைக் குப்பையில் போட்டவன் நான். தம்பியின் குடும்பம் இன்னும் அங்கே இருக்கிறது. அந்த அட்டைக்காக இன்று அவன் என்னிடம் பேசுவதில்லை.

ஆகவே செயலாளரிடம் கலந்து இரண்டு ஏற்பாடு செய்திருக்கிறோம். அடுத்த ஞாயிறு காலை பத்து மணி முதல் சங்க அலுவலகத்தில் நகல் எடுக்கும் இயந்திரம் இருக்கும். தாராவியிலே வீடோ உறவோ உள்ளவர்கள் ரேஷன் அட்டை, மின் ரசீது, பள்ளிச் சான்றிதழ், வாக்காளர் பட்டியல், பழைய கடிதத்தின் உறையாக இருந்தாலும் சரி, கொண்டுவாருங்கள். இரண்டு நகல் எடுத்து ஒன்றைச் சங்கத்தில் வைப்போம், கட்டணம் இல்லை. சனிக்கிழமை மாலை ஐந்து மணிக்கு இதே மண்டபத்தில் தமிழ் வகுப்பு. இதுவரை பதினோரு பிள்ளைகள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டாவது பெயர் என் பேரனுடையது. அவன் வரமாட்டேன் என்று அழுகிறான், கிரிக்கெட் நேரமாம். அவனோடு விளையாடுகிற பிள்ளைகளின் பெற்றோர் இங்கே நான்கு பேர் இருக்கிறீர்கள். உங்கள் பிள்ளைகளையும் அனுப்பினால் அவனும் வருவான். ஆட்ட நேரத்தை வேண்டுமானால் ஆறரைக்கு மாற்றிக்கொள்ளலாம்.